பதினெட்டாவது லேத்து

நஞ்சப்பன் வாத்தியார் ஒரு வருசத்தில் இரும்பு கடையும் பழைய லேத்து பதினேழு பார்த்தார். பதினேழையும் வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்தார்.

ஒன்றில் சத்தம் அதிகம். ஒன்றில் கைப்பிடி ஆடியது. ஒன்றுக்குப் புதுசாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள். பெயின்டுக்கு அடியில் எதையோ மறைக்கிறார்கள் என்று அதையும் ஒதுக்கிவிட்டார். முப்பத்துமூன்று வருசம் கணக்கு வாத்தியார், அதில் கடைசி ஆறு வருசம் ஹெட்மாஸ்டர். ரிட்டயர் ஆனால் மட்டும் சிவப்பு மை புத்தி லேசில் போய்விடுமா?

அவருக்கு இருந்தது ஒரே ஆசை. உருளையின் கன அளவை எத்தனை ஆயிரம் தடவை போர்டில் போட்டிருப்பார்! ஒரு உருளையைத் தன் கையால் செய்ததில்லை. சாகிறதுக்குள் இரும்பில் ஒன்று கடைந்து பார்த்துவிட வேண்டும். அதற்காகத்தான் வீட்டுப் பக்கவாட்டு ஷெட்டைக் காலி செய்து, சுவருக்கு வெள்ளையடித்து, மின்சார லைன் இழுத்து வைத்திருந்தார்.

ஷெட்டின் வாசல் மூன்றடி. கோயமுத்தூரில் லேத்துக்குப் பஞ்சமில்லை. மூன்றடி வாசலில் நுழையும் லேத்துக்குத்தான் பஞ்சம்.

"ஏனுங்க, இன்னைக்கு என்ன குறை?" என்று மனைவி தெய்வானையம்மாள் வாசலிலேயே கேட்பார்.

"அதோட சக்கு சரியில்ல. இரும்பக் கவ்விப் பிடிக்கற வாயே ஆடுது."

"குற்றம் பார்க்கின் சுற்றம் இல்லைன்னு ஸ்கூல் போர்டுல எழுதிப் போட்டவரு நீங்க. உங்களுக்குச் சுற்றம் இருக்குது. லேத்துதான் கிடைக்க மாட்டேங்குது. நல்லவேளை, பொண்ணு பாக்க வந்தப்ப உங்க கையில மைக்ரோமீட்டர் இல்ல."

வாத்தியாருக்கும் சிரிப்பு வரும். சிரித்துக்கொண்டே அடுத்த ஞாயிற்றுக்கிழமை அடுத்த மெஷினைப் பார்க்கக் கிளம்பிவிடுவார்.

அவருக்கு ஒரு குரு உண்டு. பெயர் பூங்கோதை. வயது முப்பத்தைந்து, அவர் மகளைவிட இரண்டு வயது சின்னவள். பழைய அளவுக் கருவிகளைச் சோதித்துச் சரிசெய்து கொடுப்பது அவள் தொழில். வீட்டு மாடியில் ஒரே அறை, நடுவில் கருங்கல் மேடை, எந்நேரமும் இருபது டிகிரி குளிர். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

அவளிடம் ஒரு வழக்கம் உண்டு. யார் எதைக் கொண்டுவந்தாலும் உடனே அளக்க மாட்டாள். கருங்கல் மேல் வைத்துவிட்டு, "சூடு ஆறட்டும்" என்பாள். வெயிலில் வந்த இரும்பு விரிந்திருக்கும், அறையின் குளிருக்கு வந்த பிறகுதான் அதன் உண்மையான அளவு தெரியும். அவசரக்காரர்கள் முணுமுணுப்பார்கள். அவள் தன் பாட்டுக்கு வேறு வேலை பார்ப்பாள்.

சந்தையில் வாங்கிய பழைய மைக்ரோமீட்டர்களையும் வெர்னியரையும் ஒரு மிட்டாய் டப்பாவில் போட்டுக்கொண்டு வாத்தியார் முதல்முறை அவளிடம் வந்தபோதே இந்தச் சிஷ்யத்தனம் தொடங்கியது.

"இது நுனியில தேஞ்சிருக்குதுங்க சார்" என்றாள் வெர்னியரைப் பார்த்து. "எல்லாரும் நுனியிலயே அளப்பாங்க. நடுவுல அளந்தா சரியாக் காட்டும்."

"அப்ப பாஸா, பெயிலா?"

"அளந்ததச் சொல்லிட்டேனுங்க சார்."

"அது தெரியுது அம்மிணி. பாஸா பெயிலா?"

அவள் சிரித்துக்கொண்டு அடுத்ததை எடுத்தாள். வாழ்நாள் பூராவும் மார்க் போட்டவருக்கு அன்றைக்கு மார்க்கே கிடைக்கவில்லை. ஆனாலும் அடுத்த வாரம் திரும்ப வந்தார். அதற்கு அடுத்த வாரமும் வந்தார்.

ஒரு திங்கட்கிழமை மத்தியானம் வாத்தியார் அவள் மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறி வந்தார்.

"அம்மிணி, கிடைச்சிருச்சு!"

"உக்காருங்க சார். மொதல்ல தண்ணி குடிங்க."

தண்ணீர் குடித்துக்கொண்டே சொன்னார். கணபதிப் பகுதியில் பொன்னுரங்கம் என்று ஒருவர் பட்டறை வைத்திருக்கிறார். தொழில் நன்றாகப் போகிறது. புதன்கிழமை அவருக்குப் பெரிய லேத்து ஒன்று லாரியில் வருகிறது. அதற்கு இடம் வேண்டுமே, அதனால் சின்ன லேத்தைத் தள்ளிவிடுகிறார். பழைய இரும்பு எடுக்கும் உடைசல்காரன் புதன் காலையில் வருவதாகச் சொல்லியிருக்கிறான். அதற்குள் யாராவது கேட்டால் அவர்களுக்கு.

"வாசல்ல நுழையுமா?"

"அளந்துட்டேன். ரெண்டு விரக்கடை மிச்சம் இருக்கு."

"மெஷின் எப்படி இருக்குதுங்க?"

வாத்தியார் முகம் பூத்துவிட்டது. "அதத்தான் சொல்ல வந்தேன். பெட்டு துளி கூடத் தேயல! உளி ஓடற தண்டவாளம், புதுசாட்டம் இருக்கு. அவரே ஒரு பட்டை வெச்சிருக்காரு, நேர் பாக்கறதுக்கு. மூணடி நீளம், வார்ப்பிரும்பு. அதுல நீல மை பூசி பெட்டு மேல வெச்சு எடுத்தேன். ஒரு ஓரத்துல இருந்து இன்னொரு ஓரம் வரைக்கும் மை சீரா ஒட்டியிருக்கு. ஒரு இடம் விடல. இருபது வருசம் ஓடின மெஷின், அம்மிணி! நீ ஒரு தடவ வந்து பாத்துச் சொல்லிட்டா இப்பவே முடிச்சுருவேன்."

"நான் எதுக்குங்க சார்? நீங்கதான் பாத்துட்டீங்களே."

"இருந்தாலும் உன் வாயால ஒரு வார்த்த."

பூங்கோதை கையிலிருந்த கருவியைத் துடைத்துக் கீழே வைத்தாள். "பட்டையத் திருப்பிப் போட்டுப் பாத்தீங்களா?"

"திருப்பின்னா?"

"இந்த முனை அந்தப் பக்கம், அந்த முனை இந்தப் பக்கம்."

"ஒரு பக்கம் நேரா இருந்தா மறுபக்கம் மட்டும் கோணலாவா இருக்கும்?"

அவள் துடைத்த கருவியைப் பெட்டிக்குள் வைத்தாள். வாத்தியார் மிச்சத் தண்ணீரைக் குடித்தார். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

மறுநாள் காலை பொன்னுரங்கம் பட்டறைக்குப் போனார். பட்டையில் மை பூசி, முனை மாற்றி, பெட்டின் மேல் வைத்தார்.

பட்டை ஆடியது.

ஒரு முனையை விரலால் அழுத்தினால் மறுமுனை எழும்பியது. சக்கு பக்கம் அடியில் இடைவெளி பார்க்கும் ஃபீலர் தகட்டைச் செருகினார், தடையில்லாமல் போயிற்று. அடுத்த கனமான தகட்டைச் செருகினார், அதுவும் போயிற்று. நேற்று சீராக ஒட்டிய மை இன்றைக்கு ஒரே இடத்தில் திட்டாக ஒட்டியிருந்தது.

வாத்தியார் தகட்டை வெடுக்கென்று உருவினார். ஒரு வருசம் அலைந்து, கடைசியில் கிடைத்துவிட்டது என்று நேற்று ராத்திரி தெய்வானையிடம் பாயசம் வைக்கச் சொல்லிச் சாப்பிட்டிருந்தார்.

"என்னுங்க வாத்தியாரே, மூஞ்சி இப்படிப் போச்சு?" பொன்னுரங்கம் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அறுபதை நெருங்கிய ஆள், வெற்றிலைச் சிவப்பேறிய வாய்.

"இது என்ன பித்தலாட்டம்?"

"எதுங்க?"

"இந்தப் பட்டை! இதை வெச்சு என்னை ஏமாத்தப் பாத்திருக்கீங்க."

பொன்னுரங்கம் பட்டையைப் பார்த்தார், பெட்டைப் பார்த்தார். பட்டையின் முனையைத் தானும் ஒருமுறை அழுத்தினார். அது ஆடியதும் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"அட சாமி! இத்தன வருசத்துல நான் ஒருக்காலும் திருப்பிப் போட்டதில்லைங்களே!"

"சிரிக்காதீங்க."

"கோவிச்சுக்காதீங்க வாத்தியாரே, சொல்றேன். வருசத்துக்கு ஒருக்கா ஆயுத பூசைக்கு மெஷினத் தொடச்சு மை போட்டுப் பாப்பேன். பட்டை எங்க பெட்டுல ஒட்டலையோ, அந்த வித்தியாசத்தச் சரி பண்ணணுமில்லைங்களா? பெட்டச் சுரண்டணும்னா மெஷினக் கழட்டணும், பத்து நாள் வேலை கெட்டுப் போயிரும். பட்டையச் சுரண்டறதுன்னா அரை நாள். அதனால பட்டையச் சுரண்டிருவேன். மறுபடி மை போட்டா ஜோரா ஒட்டும். சூடம் காட்டிட்டு வேலையப் பாக்கப் போயிருவேன்."

தராசு தப்பென்றால் படிக்கல்லைக் கொத்துவார்களா யாராவது? இந்த மனிதர் இருபது ஆயுத பூசைக்கு அதைத்தான் செய்திருக்கிறார், சூடம் வேறு காட்டியிருக்கிறார்.

"அப்ப மெஷின் தேஞ்சதுன்னு உங்களுக்கே தெரியாதா?"

"மெஷினப் பத்தி எனக்குத் தெரியாதா? நீங்க மெஷினக் கேக்கவே இல்லீங்களே, பட்டையத்தான கேட்டீங்க."

இது வாத்தியாருக்கு இன்னும் கோபத்தை மூட்டிவிட்டது. "இந்தப் பட்டைய நான் எடுத்துட்டுப் போறேன். அளக்கத் தெரிஞ்சவங்ககிட்டக் காட்டி எழுதி வாங்கிட்டு வந்து உங்க முன்னாடி வெக்கறேன்."

"தாராளமாக் கொண்டு போங்க. நாளைக்கு உடைசல்ல போற இரும்புதான். மெஷின் வேணுமா வேண்டாமான்னு மட்டும் சாயங்காலத்துக்குள்ள சொல்லிருங்க. காலையில உடைசல்காரன் வந்துருவான்."

பழைய துண்டில் பட்டையைச் சுற்றி, ஸ்கூட்டரில் காலடியில் வைத்துக்கொண்டு, உச்சி வெயிலில் வாத்தியார் பூங்கோதை வீட்டுக்கு வந்தார்.

"அம்மிணி, இத அளந்து குடு. அந்த ஆளு ஒரு பொய்யன். இருபது வருசமாத் தன்னையே ஏமாத்திக்கிட்டு, இப்ப என்னையும்..."

"இப்படிக் குடுங்க." அவள் பட்டையை வாங்கிக் கருங்கல் மேல் வைத்தாள். "சூடு ஆறட்டும்."

"எவ்வளவு நேரம்?"

"கனமான இரும்புங்க சார். ரெண்டு மணி நேரமாவது ஆகும்."

வாத்தியார் எழுந்து நடந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். அவள் ஒரு டயலைப் பிரித்து ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அறைக்குள் ஏ.சி.யின் சத்தம் மட்டும் கேட்டது. முதல் அரை மணி நேரம் அவர் பொன்னுரங்கத்தைத் திட்டினார். அடுத்த அரை மணி நேரம் பதினேழு மெஷின்களின் குறைகளையும் வரிசையாகச் சொன்னார். பிறகு சொல்ல ஒன்றுமில்லாமல் போயிற்று.

"சாப்பிட்டீங்களா சார்?"

"இல்ல."

அவள் கீழே போய் இரண்டு தட்டில் தயிர் சோறும் ஊறுகாயும் கொண்டுவந்தாள். அறைக்குள் சோறு ஆகாது. படிக்கட்டில் உட்கார்ந்து இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். எலுமிச்சை ஊறுகாய் நன்றாக இருந்தது. வாத்தியார் இன்னொரு துண்டு கேட்டு வாங்கிக்கொண்டார்.

கை கழுவிவிட்டு உள்ளே வந்ததும் அவள் பட்டையைத் தொட்டுப் பார்த்தாள். சுரண்டிய முகம் மேலே வரும்படி வைத்து, இரண்டு முனையையும் சமன் செய்தாள். ஓரத்தில் அங்குலத்துக்கு ஒரு சாக்பீஸ் கோடு போட்டாள்.

"நான் சொல்லச் சொல்ல எழுதிக்கறீங்களா சார்?"

டயலைக் கோட்டுக்குக் கோடு நகர்த்தினாள். எண்ணைச் சொன்னாள். வாத்தியார் எழுதினார். பூஜ்யம், பூஜ்யம், ஒன்று, பூஜ்யம் என்று வந்துகொண்டிருந்த எண்கள் ஓரிடத்தில் ஏறின. மூன்று, ஆறு, எட்டு என்று போய் மறுபடி இறங்கின. அப்புறம் கடைசி வரை பூஜ்யத்தை ஒட்டியே வந்தன. எட்டு என்பது மில்லிமீட்டரை நூறாக்கினால் அதில் எட்டு, ஒரு தலைமுடி கனம்.

முப்பத்தாறு எண்களும் முடிந்தபோது வாத்தியார் தன்னை அறியாமல் நோட்டில் இரண்டு கோடு இழுத்து, புள்ளி வைத்து, புள்ளிகளைச் சேர்த்துக்கொண்டிருந்தார். எண்ணைக் கண்டால் படம் போடுவது அவர் கைப்பழக்கம்.

"அழகான வளைவு" என்றார். சொன்ன பிறகு, ஏன் அழகு என்றோம் என்று அவருக்கே கூச்சமாக இருந்தது.

பூங்கோதை நோட்டை எட்டிப் பார்த்தாள். "இந்த மெஷின்ல கடையற இரும்பு எந்த இடத்துல தடிச்சு வரும்னு அவருகிட்டக் கேட்டீங்களா?"

"இல்ல."

"கேட்டுப் பாருங்களேன்."

"அவனுக்கு என்ன தெரியும்?"

அவள் டயலை ஒதுக்கி வைத்துவிட்டு அவர் சட்டைப் பையிலிருந்த போனைப் பார்த்தாள். வாத்தியார் வேண்டாவெறுப்பாகப் போனை எடுத்துப் பொன்னுரங்கத்தைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் பட்டறைச் சத்தம் கேட்டது.

"உங்க மெஷின்ல கடையறப்போ எங்காவது தடிச்சு வருமா?"

"வருமுங்க" என்றார் பொன்னுரங்கம், யோசிக்கக்கூட இல்லாமல். "சக்கு பக்கத்து முனையில இருந்து ஒரு சாண் வரைக்கும் ஒண்ணும் இருக்காது. அதுக்கப்புறம் அஞ்சு விரக்கடை, அந்த இடத்துல மட்டும் ஒரு முடி தடிக்கும். கடைசியாச் சீவறப்போ உளிய அங்க ஒரு முடி உள்ள தள்ளிப் பிடிச்சா சரியாப் போயிரும். அதத் தாண்டிட்டா மறுபடி ராசாவாட்டம் ஓடும்."

"இத ஏன் நேத்தே சொல்லல?"

"நீங்க கேக்கலைங்களே! வந்தீங்க, மை போட்டீங்க, துள்ளிக் குதிச்சீங்க, போனீங்க. வாத்தியார் இத்தன சந்தோசமா இருக்கறப்ப நடுவுல நான் எதுக்குப் பேசறதுன்னு இருந்துட்டேன்."

பூங்கோதை வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள்.

வாத்தியார் பட்டையருகில் போனார். சக்கு பக்கத்து முனையிலிருந்து கையை விரித்து ஒரு சாண் போட்டார். அங்கிருந்து ஐந்து விரல் வைத்தார். சாக்பீஸ் கோடுகளை எண்ணினார், நோட்டைப் பார்த்தார். எண்கள் ஏறிய இடத்தில்தான் அவர் சுண்டுவிரல் இருந்தது. இறங்கிய இடத்தில் கட்டைவிரல். மெஷினில் எங்கே பள்ளமோ, பட்டையில் அங்கேதான் மேடு.

"இருக்கீங்களா வாத்தியாரே? உடைசல்காரனுக்கு என்ன சொல்லட்டும்?"

வாத்தியார் பட்டையிலிருந்து கையை எடுத்தார். தான் செய்ய நினைத்த உருளையை நினைத்துப் பார்த்தார். நான்கு விரல் நீளம், சக்கை ஒட்டியே கடைந்துவிடலாம். காலையில் பித்தலாட்டம் என்று சொன்னது இப்போது அவர் காதிலேயே கேட்டது.

"ரங்கம்."

"சொல்லுங்க."

"அவனை வர வேண்டாம்னு சொல்லிருங்க. மெஷின நான் எடுத்துக்கறேன். காலையில நான் ஏதாவது தப்பாப் பேசியிருந்தா..."

"அட, போச்சாது விடுங்க! நானும் பட்டறையில இதவிடப் பேசறவன்தான். வண்டி நானே புடிச்சு அனுப்பறேன். மொத வாரம் நானும் வந்து நின்னு ஓட்டிக் காட்டறேன். வீட்ல அக்கா கையால ஒரு காப்பி மட்டும் போட்டுக் குடுக்கச் சொல்லுங்க."

போனை வைத்தபோது வாத்தியாருக்குக் கண் கலங்கியிருந்தது. துண்டால் துடைத்துக்கொண்டார். ஒரு வருசமாக நெஞ்சில் இருந்த பரபரப்பு அடங்கி, மனசு நிறைந்து இருந்தது.

பூங்கோதை இதற்குள் பட்டையை மென்மையான துணியால் துடைத்து, எண்ணெய் தடவி, காகிதத்தில் சுற்ற ஆரம்பித்திருந்தாள். விலை உயர்ந்த கருவிகளுக்குத்தான் அவள் அந்தக் காகிதத்தை எடுப்பாள்.

"அது எதுக்கு அம்மிணி? வேலை முடிஞ்சுதே. போற வழியில உடைசல் கடையில போட்டுட்டுப் போறேன். என்ன இருந்தாலும் பொய்ப் பட்டைதான?"

அவள் கடைசி மடிப்பை மடித்து நூலால் கட்டினாள். இரண்டு கையாலும் எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"இத்தன மெஷின் பாத்தீங்களே சார். எங்க தேஞ்சிருக்கேன்னு ஒண்ணாவது இப்படி வாயத் தொறந்து சொல்லுச்சுங்களா?"